டெக்னிக்கல் தெரியாத மேனேஜரின் கீழ் வேலை: சீனியர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பி):

எட்டு வருஷமாக கோட் எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் மேனேஜர் சேல்ஸிலிருந்து வந்தவர். சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கிளையன்ட் மீட்டிங்கில் எங்களைக் கேட்காமலே தேதி சொல்லிவிட்டு வருகிறார். நம்மைவிடக் குறைவாகத் தெரிந்தவரிடம் கைகட்டி நிற்பது எந்த ஊர் நியாயம்? டர்பன் அண்ணன் மாதிரி அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

12 பிப்ரவரி 2024, இரவு

தம்பி, இதில் இரண்டு புகார் இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்பது ஒன்று. கேட்காமல் தேதி கொடுக்கிறார் என்பது இன்னொன்று. முதலாவதோடு காலம் தள்ளலாம். இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும். அதற்கும் அவருக்கு டேட்டாபேஸ் தெரியாததற்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை. வேலை நன்றாகத் தெரிந்த மேனேஜர்களும் கேட்காமல் தேதி கொடுப்பார்கள். இன்னும் துணிச்சலாகவே கொடுப்பார்கள். "இதை நானே ரெண்டு நாளில் முடிப்பேன்" என்பது அவர்கள் கணக்கு. கடைசியாக எப்போது கோட் எழுதினார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

என் கதை இது. டர்பன் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு சரக்குக் கம்பெனி. ஆபீஸ் உம்லாங்கா பக்கம், கிடங்குகள் துறைமுகத்தை ஒட்டி. ஐடி என்று சொல்லிக்கொள்ளச் சின்னக் கூட்டம்தான். நான் சர்வர், டேட்டாபேஸ் பக்கம். எங்கள் மேனேஜர் கணக்குப் பிரிவிலிருந்து வந்த அம்மாள், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். எனக்கு அது வாயில் வரவே ரொம்ப நாள் பிடித்தது.

வந்த புதிதில் ஒரு மீட்டிங்கில், "கிளவுட் கிளவுட் என்கிறீர்களே, அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அப்புறம் பார்த்தால் கேள்வி சரியான கேள்வி. ஜோகன்னஸ்பர்க்கிலா, கேப் டவுனிலா, அயர்லாந்திலா என்று சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

மீதி நாளை. இங்கே கரண்ட் போகிற நேரம்.

13 பிப்ரவரி 2024

வாரக் கடைசியில் மறுபடி ஆறாம் நிலை மின்வெட்டு (நிலை எண் ஏற ஏற வெட்டும் கூடும்) பார்த்தோமே, அதையே உதாரணமாகச் சொல்கிறேன். போன வருஷம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கிடங்கு யுபிஎஸ்ஸுக்கு இன்னும் பேட்டரி வாங்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கரண்ட் வந்து மறுபடி போவதற்குள் இந்தப் பேட்டரி நிறையுமா?" நிறையாது. ஆறாம் நிலையில் இரண்டு வெட்டுக்கு நடுவே கிடைக்கும் நேரம் லெட்-ஆசிட் பேட்டரிக்குப் போதாது. பாதி நிறைந்ததையே திரும்பத் திரும்ப வடித்தால் அதன் ஆயுளும் போய்விடும். கடைசியில் பேட்டரியைக் குறைத்து, டீசல் ஜெனரேட்டருக்குப் பணம் ஒதுக்கினோம். மின்சாரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வரவு, செலவு தெரியும். பேட்டரியும் வரவு செலவுதான்.

18 பிப்ரவரி 2024

"அப்படியானால் தெரிந்த மேனேஜர் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இவருக்கு முன்னால் ஒருவர் இருந்தார், அவரைப் பற்றிச் சொன்னால் புரியும்.

நெட்வொர்க்கில் புலி. ஃபயர்வால் விதிகளை மனப்பாடமாகச் சொல்வார். மெதுவாக ஓடும் ஒரு குவெரியை என் தோளுக்கு மேல் பார்த்து, எந்த இண்டெக்ஸ் இல்லை என்று உட்காராமலே சொல்லிவிடுவார். அவரிடம் கற்றது நிறைய, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் புரொடக்ஷனில், அதாவது நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில், நுழைந்து எதையாவது திருத்துவார். காலையில் ஒன்று உடைந்திருக்கும், நாங்கள் எங்கள் கோடில் தேடிக்கொண்டிருப்போம். எதையும் எழுதி வைக்க மாட்டார், எல்லாம் தலையில். யாராவது ஒரு வழி சொன்னால் அதைவிட நல்ல வழி அவரிடம் இருக்கும். பெரும்பாலும் உண்மையிலேயே நல்ல வழியாக இருக்கும், அதுதான் கொடுமை. கொஞ்ச நாளில் யாரும் வழி சொல்வதையே நிறுத்திவிட்டோம்.

அவர் போன பிறகு சில சர்வர்களின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு.

3 மார்ச் 2024

கேப் டவுனிலிருந்து எழுதும் அக்கா, வேலை தெரிந்த மேனேஜரே நல்லது என்று ஓர் ஆய்வைக் காட்டி எனக்கு நல்ல அடி கொடுத்திருக்கிறார். பெஞ்சமின் ஆர்ட்ஸ், அமண்டா குடால், ஆண்ட்ரூ ஓஸ்வால்ட் மூவரும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 35,000 ஊழியர்களின் தரவை வைத்துச் செய்த ஆய்வு. தேவைப்பட்டால் உங்கள் வேலையை உங்கள் பாஸ் செய்ய முடியுமா, அவர் அந்தத் துறையில் கீழிருந்து வந்தவரா, வேலை தெரிந்தவரா என்று பார்த்திருக்கிறார்கள். ஆமாம் என்ற இடங்களில் ஊழியர்களின் திருப்தி தெளிவாக அதிகம். "உங்கள் ஒரு மேனேஜரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுதாதீர்கள்" என்று அக்கா சொல்வது நியாயம்.

பதிலுக்கு நான் கூகுள் கதையை எடுத்துப் போட்டேன். 2008 வாக்கில் நல்ல மேனேஜர் யார் என்று தங்கள் தரவையே வைத்துத் தேடினார்கள், அதற்குப் பிராஜெக்ட் ஆக்ஸிஜன் என்று பெயர். எட்டு குணங்கள் கொண்ட பட்டியல் வந்தது. டெக்னிக்கல் திறமை அதில் கடைசி இடம்.

அக்கா உடனே திருப்பிக் கேட்டார்: "கூகுளில் மேனேஜர் ஆகிற ஆள் சேல்ஸிலிருந்தா வருகிறார்? எல்லாருக்கும் நிறையத் தெரிந்த இடத்தில் தெரிவது கடைசிக்குப் போகத்தானே செய்யும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. சமையல்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுக்குள் நல்லவர் யார் என்று பார்த்தால், அடுப்பு பற்றவைக்கத் தெரிவது பெரிய விஷயமாகத் தெரியாதுதான்.

16 மார்ச் 2024

இந்த வாரம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை, 14ஆம் தேதி, ஐவரி கோஸ்ட் பக்கம் கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள்கள் பழுதாயின: வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3. கிழக்குப் பக்கம் பிப்ரவரி 24இல் செங்கடலில் சீகாம் உட்படச் சில கேபிள்கள் அறுந்து இன்னும் சரியாகவில்லை. ஆப்பிரிக்காவின் இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் அடி.

எங்களுக்கு இரண்டு இன்டர்நெட் கம்பெனி. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று, மேலே சொன்னேனே, அந்தப் புலி போட்ட ஏற்பாடு. வியாழன் காலை இரண்டும் ஊர்ந்தன. ஐரோப்பாவில் இருக்கும் சரக்கு சிஸ்டத்துக்குப் போக முடியவில்லை, கிடங்கு வாசலில் லாரிகள் நின்றன.

மேனேஜர் வந்தார். ரூட்டிங், பிஜிபி என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நாம் இரண்டு பில் கட்டுகிறோம். இரண்டு பில்லும் ஒரே கடல் வழியாகவா போகிறது?"

போன் போட்டுக் கேட்டோம். ஆமாம். இரண்டு கம்பெனி, இரண்டு ரவுட்டர், கட்டடத்துக்குள் நுழையும் இடம்கூட வேறு வேறு. ஆனால் ஐரோப்பாவுக்குப் போவது இரண்டுக்கும் வாக்ஸ். புதிதாக வந்த எக்வியானோ கேபிளுக்கு எதுவும் ஆகவில்லை, அதில் இடம் வாங்கியிருந்தவர்கள் தப்பித்தார்கள். இப்போது இரண்டு கம்பெனியிடமும் கேபிள் பெயரைப் போட்டு எழுத்தில் கொடு என்று கேட்டு மெயில் போயிருக்கிறது. எழுதியது அவர்தான். கணக்காளர் எழுதும் மெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

இது ஒன்றை வைத்து அக்காவின் 35,000 பேரை நான் தோற்கடித்துவிட்டதாக நினைக்கவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

27 மார்ச் 2024

நேற்றிலிருந்து மின்வெட்டு நிறுத்தம் என்கிறார்கள். மே 29இல் தேர்தல் இருப்பதால்தான் என்று கேன்டீனில் பேச்சு. எதுவாக இருந்தாலும் ஜெனரேட்டர் வாங்கிய மறுவருஷம் கரண்ட் ஒழுங்காக வருகிறது. எங்கள் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

9 ஏப்ரல் 2024

தேதி விவகாரத்துக்கு வருவோம். தம்பி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

முதலில், "முடியாது" என்று சொல்லாதீர்கள். சேல்ஸிலிருந்து வந்தவர் காதில் அது பேரத்தின் ஆரம்பம். எந்த வாடிக்கையாளரும் முதலில் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். அதைத் தாண்டித்தான் அவர் சம்பாதித்திருக்கிறார்.

டெக்னிக்கல் காரணமும் சொல்லாதீர்கள். "மைக்ரேஷன் ஸ்கிரிப்டில் ஃபாரின் கீ பிரச்சினை" என்று நீங்கள் சொன்னால் அவர் தலையை ஆட்டுவார், புரிந்ததால் இல்லை, மீட்டிங் முடிய வேண்டும் என்பதால். அவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மாதிரி வையுங்கள். "நீங்கள் சொன்ன 30ஆம் தேதி கொடுக்கலாம், ஆனால் இன்வாய்ஸ் பகுதி இருக்காது. இன்வாய்ஸும் வேண்டும் என்றால் மே 20. இரண்டும் 30ஆம் தேதிக்கே வேண்டும் என்றால் ஆதரவு வேலையில் இருக்கும் ஆளை இழுக்க வேண்டும், அந்த மூன்று வாரம் வேறு கிளையன்டின் புகார் டிக்கெட் எதுவும் நகராது. எது என்று சொல்லுங்கள்." இப்படி வைத்தால் டேட்டாபேஸ் தெரியாதவரும் முடிவெடுக்கலாம். உண்மையில் அது அவர் எடுக்க வேண்டிய முடிவுதான்.

அப்புறம் எழுத்து. பேசி முடித்ததும் அன்றே ஒரு மெயில், நான்கு வரிக்கு மேல் வேண்டாம். "இன்று பேசியபடி இன்வாய்ஸ் இல்லாமல் 30ஆம் தேதி." குற்றப்பத்திரிகை மாதிரி எழுதினால் அவர் உஷாராகிவிடுவார். கிளையன்டுக்கே முன்னோக்கி அனுப்பலாம் என்கிற மாதிரி எழுதுங்கள். பல நேரம் அப்படியே அனுப்பியும் விடுவார்கள், நமக்கு அதுதானே வேண்டும்.

கிளையன்ட் மீட்டிங்குக்கு உங்களையும் அழைத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள். அவரைத் திருத்த என்று சொல்லாதீர்கள், குறிப்பெடுக்க என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நோட்டோடு உட்கார்ந்திருந்தால் வாய் தானாகவே கொஞ்சம் அடங்கும்.

11 ஏப்ரல் 2024

தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, அவர் மெயிலே படிப்பதில்லை. வாட்ஸ்அப் குரல் பதிவுதான்."

சரி. அப்படியானால் குரல் பதிவுக்குக் குரல் பதிவு போடுங்கள், அப்புறம் அதையே இரண்டு வரி எழுத்தாகக் கீழே ஒட்டுங்கள். ஆபீஸ் விஷயத்தைச் சொந்த போனில் வைக்கலாமா என்று பிரிட்டோரியா நண்பர் கேட்பார் என்று தெரியும். அவருக்கு மட்டும்: கூடாதுதான்.

2 மே 2024

பிரிட்டோரியா நண்பரின் கேள்விதான் இந்தத் தொடரில் வந்ததிலேயே ஆபத்தானது. அவருடைய மேனேஜர், டெஸ்ட் சூழலில் "நிஜம் மாதிரி" தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர்களின் அசல் டேட்டாபேஸை அப்படியே காப்பி எடுத்துப் போடச் சொல்கிறார். அடையாள எண், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து.

செய்யாதீர்கள். இந்த ஊர் அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். எண் வெளியே போனாலே ஆளின் பாதி விவரம் போன மாதிரி. டெஸ்ட் சர்வருக்கு எத்தனை வெளி ஆட்களுக்கு அணுகல் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"சொன்னால் புரியவில்லை" என்கிறீர்கள். பாதுகாப்பு என்று பேசினால் புரியாது. போப்பியா என்று பேசுங்கள். அந்தத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது, அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் அதற்கென்று தகவல் அதிகாரி ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், பெரும்பாலும் தலைமை அதிகாரியே அந்தப் பொறுப்பில் இருப்பார். "செய்கிறேன், தகவல் அதிகாரியிடம் ஒரு வரி ஒப்புதல் வாங்கித் தாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். நான் பார்த்தவரை யாரும் அந்த ஒரு வரியை வாங்கப் போனதில்லை. இரண்டு நாளில் பெயரையும் எண்ணையும் மாற்றிய தரவே போதும் என்றாகிவிடும்.

19 மே 2024

சம்பந்தமில்லாமல் ஒன்று. மதிய இடைவேளையில் இங்கே தூனி ஆடுவார்கள், டர்பன் இந்தியர்களின் சீட்டாட்டம். முதல் தடவை உட்கார்ந்தபோது ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் சிரித்துவிட்டேன். நம் ஊர் முந்நூற்று நாலு! நான்கு நிறத்தையும் கூட்டினால் அதே 304. 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேர் எதை எதையோ இங்கே கொண்டுவந்தார்கள். தமிழ் பேச்சு பெரும்பாலான வீடுகளில் போய்விட்டது, ஜாக்கின் மதிப்பு மட்டும் இம்மி பிசகவில்லை.

எங்கள் மேனேஜர் தூனியில் எங்கள் எல்லாரையும் தோற்கடிக்கிறார். விழுந்த சீட்டு ஒவ்வொன்றும் நினைவிருக்கும். இதிலிருந்து நிர்வாகப் பாடம் எதுவும் எடுக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

21 ஜூலை 2024

வெள்ளிக்கிழமை உங்களில் எத்தனை பேருக்கு விண்டோஸ் விழுந்து நீலத் திரை?

எங்களுக்குக் கிடங்குகளில். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் அந்தப் பழுதான ஃபைல் நம் நேரப்படி காலை 6.09க்கு வெளியானது, 7.27க்குத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேரத்துக்குள் நெட்டில் இருந்த விண்டோஸ் மெஷின்கள் மாட்டின. எனவே ஆபீஸில் எட்டு மணிக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆறு மணி ஷிஃப்டில் ஓடிக்கொண்டிருந்த வாசல், எடைமேடை, குளிர் கண்டெய்னர் கண்காணிப்பு எல்லாம் விழுந்தன. சரிசெய்வது எளிது, ஆனால் கையால்தான்: சேஃப் மோடில் ஏற்றி, ஒரு ஃபைலை அழித்து, மறுபடி ஏற்ற வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்ட மெஷின் என்றால் முதலில் 48 இலக்கச் சாவியைத் தட்ட வேண்டும். உலகம் முழுக்க 85 லட்சம் மெஷின் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது.

மேனேஜருக்கு சேஃப் மோட் என்றால் என்ன என்று தெரியாது, கேட்கவும் இல்லை. கிடங்கு வரைபடத்தை விரித்து, எந்த வாசல் முதலில் என்று எண் போட்டார். இது ஆரஞ்சு ஏற்றுமதி சீசன். பழம் இருக்கும் குளிர் கண்டெய்னர்கள் எந்த வாசலில், எது எந்தக் கப்பலுக்கு, கப்பல் எப்போது கிளம்பும் என்பது அவர் விரல் நுனியில். நாங்களாக இருந்திருந்தால் பக்கத்தில் இருக்கிற மெஷினிலிருந்து ஆரம்பித்திருப்போம். போன் எல்லாவற்றையும் அவரே எடுத்தார். எங்களில் ஒருவரையும் எந்த டைரக்டரும் தொந்தரவு செய்யவில்லை.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் காலை ஒன்பதரைக்கு அதே மேனேஜர், எங்களைக் கேட்காமல், மேலிடத்தில் "மதியத்துக்குள் எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டார். முடியும்போது இரவு பதினொன்று. மதியம் ஒரு மணியிலிருந்து எங்கள் நிலைமை என்ன என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். தம்பி, உங்கள் புகாரின் இரண்டாம் பாதி எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

4 ஆகஸ்ட் 2024

அப்ரைசல் முடிந்தது. பிப்ரவரியில் "தெரியாததோடு காலம் தள்ளலாம்" என்று நான் எழுதியதை இப்போது அவ்வளவு லேசாக எழுத மாட்டேன்.

எங்கள் டீமில் ஒரு பையன், வடக்கே நியூகாஸிலிலிருந்து வந்தவன். லினக்ஸில் என்னைவிடக் கெட்டி, சந்தேகமே இல்லை. இந்த வருஷம் பழைய டேட்டாபேஸ் சர்வர் முழுவதையும் புதியதற்கு மாற்றினான். ஒரு சனிக்கிழமை இரவு ஆரம்பித்து ஞாயிறு காலைக்குள் முடித்தான், திங்கட்கிழமை ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்குக் கிடைத்த மதிப்பீடு: "எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்." இன்னொருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு டாஷ்போர்டு போட்டார், அதைப் பெரிய டிவியில் மாட்டியிருக்கிறோம். அவருக்கு "எதிர்பார்ப்பை மிஞ்சினார்." கிரவுட்ஸ்டிரைக் நாளன்று அந்த டாஷ்போர்டில் பாதி பச்சையாகத்தான் இருந்தது, அதற்குத் தரவு அனுப்ப வேண்டிய மெஷின்களே செத்துக் கிடந்தன.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பாரபட்சம் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததற்கு மார்க் போட்டார். எதுவும் உடையாமல் நடந்த வேலையின் எடையை அறிய, அது எத்தனை இடத்தில் உடைந்திருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் புலியாக இருந்தால் திங்கட்கிழமை காலையே பையனின் முதுகில் ஒரு தட்டு தட்டியிருப்பார். அக்காவின் 35,000 பேர் சொன்ன திருப்தி இதுவாக இருக்கலாம்.

எனக்கு ஒன்றும் குறைவில்லை. நான் மாதம் ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்புகிறேன்: இந்த மாதம் என்ன நடக்காமல் தடுத்தோம், நடந்திருந்தால் எத்தனை கண்டெய்னர் எத்தனை மணி நேரம் நின்றிருக்கும், அதன் தாமதக் கட்டணம் என்ன. கணக்காளருக்குக் கணக்கு. ஆசையாகப் படிக்கிறார். ஆனால் இந்த வழியை உங்களுக்குச் சிபாரிசு செய்ய உட்கார்ந்தபோது கை தயங்குகிறது. எனக்குப் பேசவும் எழுதவும் வரும், அதனால் தப்பித்தேன். அந்தப் பையனுக்கு வராது. வேலை தெரியாத மேனேஜர் இருக்கும் இடத்தில் அதிகம் இழப்பது அதிகம் பேசாதவன். நான் ஆறு மாதமாக இங்கே எழுதிக்கொண்டிருந்தது பேசத் தெரிந்தவனின் பார்வை.

இந்த மாதப் பக்கத்தில் பையனின் வேலையை அவன் பெயரோடு முதலில் போட்டிருக்கிறேன். அவனுக்கு அது கூச்சமாக இருக்கிறதாம்.

6 ஆகஸ்ட் 2024

ஓவர்டைம் பற்றிக் கேட்ட சென்ச்சூரியன் நண்பருக்கு. வேலை நிலைமைச் சட்டத்தின் ஓவர்டைம் பாதுகாப்பு, ஒன்றரை மடங்கு சம்பளம் உட்பட, ஒரு வருமான வரம்புக்கு மேல் சம்பாதிப்பவருக்குப் பொருந்தாது. 2024 ஏப்ரலில் அந்த வரம்பு ஆண்டுக்குச் சுமார் 2,54,000 ராண்டாக இருந்தது. நம்மில் பெரும்பாலோர் அதற்கு மேலே. ஆக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சர்வர் பார்த்ததற்குப் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதில் இல்லை என்றால் மேனேஜரின் மனசு. எங்களுக்கு ஒப்பந்தத்தில் இல்லை, அவர் மாற்று விடுமுறை கொடுக்கிறார், இதுவரை.

பொது வேலை விசாவில் இருப்பவர்கள் கோபத்தில் ராஜினாமா எழுதுவதற்கு முன் விசாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டது.

22 செப்டம்பர் 2024

நீண்ட நாள் கழித்து வருகிறேன். மிட்ராண்ட் தம்பியின் மேனேஜர் இப்போது மீட்டிங்குக்கு அவரையும் கூட்டிப் போகிறாராம். தேதி மட்டும் இன்னும் கார் பார்க்கிங்கில் வைத்துக் கொடுக்கிறாராம், மீட்டிங் முடிந்த பிறகு. இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எங்கள் பக்கம் செய்தி: மேனேஜர் கணக்குப் பிரிவுக்கே பெரிய பொறுப்பில் திரும்புகிறார். காலியாகும் இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்தான் என் பெயரைச் சொன்னாராம். "உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?" என்றார். லினக்ஸ் பையன் என்றேன். "அவன் பேச மாட்டானே" என்றார். அதைத்தான் ஆகஸ்டில் இங்கே எழுதினேன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை.

வீட்டில் ஒரே வாக்குவாதம். சம்பளம் கூடும், ராத்திரி போன் குறையும். ஆனால் இன்னும் கொஞ்ச வருஷத்தில் எனக்கும் கை மறந்துவிடும். அப்போது நான் "ரெண்டு நாளில் முடியும்" என்று சொல்லும் ரகமா, "எந்தக் கட்டடத்தில்?" என்று கேட்கும் ரகமா என்பது எனக்கே நிச்சயமில்லை. மனைவி இரண்டாவது ரகமாக இருக்க முடியாது என்கிறாள், வீட்டில் நான் எதையும் கேட்டதில்லையாம்.

இரண்டு நிபந்தனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரவு அழைப்புக்கான பணம் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பையனின் மதிப்பீட்டை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு மனிதவளப் பிரிவு சரி என்றுவிட்டது. முதலாவது இன்னும் டைரக்டர் மேஜையில் கிடக்கிறது. அது வரும்வரை கையெழுத்துப் போடுவதாக இல்லை. இந்த வார ஆன்-காலும் என்னுடையதுதான்.